மாலோ ஊதாரிகளும் மதுரை மீனாட்சியும்: ஒரு ஐரிஷ் பிடில் மெட்டின் கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் சித்தி பொண்ணு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஏதோ ஒரு பப். மூலையில் ஒரு சின்ன மேஜை, அதைச் சுற்றி நாலு பேர். இரண்டு பிடில், ஒரு குழல், ஒரு அக்கார்டியன். மேடை இல்லை, மைக் இல்லை, கேட்பதற்கென்று டிக்கெட் வாங்கின யாரும் இல்லை. அயர்லாந்தில் இதை செஷன் என்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்து அவர்களுக்காகவே வாசிப்பது. வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இது நம்ம வந்தே மீனாட்சி தானே?"

[ஒலிப்பதிவில் இந்த இடத்தில் மெட்டு இரண்டு முறை வருகிறது: முதலில் பிடிலில், பிறகு பாடகரின் குரலில்.]

கேட்டீங்க இல்லையா? அதே தான். சின்ன வயசில் பாட்டு கிளாஸுக்குப் போனவர்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும். போகாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். "வந்தே மீனாட்சி" முத்துசுவாமி தீட்சிதர் செய்த ஒரு குட்டிப் பாட்டு. சமஸ்கிருதம், சங்கராபரணம். நோட்டுஸ்வரம் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் ஒன்று. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எங்க பாட்டி. அப்போ எனக்கு ஏழு வயசு.

வீடியோவைப் பாட்டியிடம் காட்டினேன். முகமெல்லாம் சிரிப்பு. "அட, வெள்ளைக்காரங்களுக்கு நம்ம பாட்டு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தவில்லை. "இல்ல பாட்டி, அவங்க மெட்டுதான் நமக்கு வந்தது" என்றேன். "அதுக்கு என்ன பேரு?" "ரேக்ஸ் ஆஃப் மாலோ." "அப்படின்னா?" "மாலோங்கிற ஊர்ல குடிச்சுட்டு ஊதாரித்தனமா திரிஞ்ச பணக்காரப் பசங்க."

பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "தீட்சிதர் அந்த மாதிரிப் பாட்டை எடுத்து அம்பாளுக்குப் போட்டிருக்கவே மாட்டார்." அவ்வளவுதான். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டி சொன்னதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கு. அந்த மெட்டு உண்மையிலேயே யாருடையது? குடித்துவிட்டு ஆடினவர்களுடையதா? இந்த எபிசோட் அதைத் தேடிப் போனதுதான்.

மெட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரொம்ப எளிமையான மெட்டு. இரண்டே பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். ஒரு சுற்று முடிய சுமார் அரை நிமிஷம். முதல் பகுதி ஊஞ்சல் மாதிரி. ஷட்ஜத்திலிருந்து காந்தாரம், திரும்ப ஷட்ஜம், காந்தாரம் என்று மூன்று முறை ஆடிவிட்டு, மத்தியமத்திலிருந்து நாலு சுரம் படபடவென்று இறங்கும். அடுத்து அதே உருவம் அப்படியே ஒரு படி கீழே நகரும். அதாவது நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவே ஊஞ்சல், பிறகு அதே மாதிரி ஒரு இறக்கம். ஒரு தடவை கேட்டால் மறக்காது. பிடில் கற்றுக்கொள்கிற ஐரிஷ் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே வருகிற மெட்டுகளில் இதுவும் ஒன்று. அதனாலேயே கைதேர்ந்தவர்கள் சிலர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதும் உண்டு. நம்ம ஊரில் கச்சேரி பண்ணுகிறவரிடம் போய் "லம்போதர" பாடச் சொன்னால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அயர்லாந்தில் இந்த மாதிரி இசை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் வயலின் என்று சொல்வதில்லை, பிடில் என்றுதான் சொல்வார்கள். கருவி ஒன்றேதான், வாசிக்கிற விதம்தான் வேறு. நம்ம ஊரிலும் பழைய வித்வான்கள் பிடில் என்றுதான் சொல்வார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, மாலோ எங்கே இருக்கு? கார்க் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். பிளாக்வாட்டர் என்கிற ஆற்றின் கரையில் ஒரு நடுத்தர ஊர். இன்றைக்கு அது ஒரு ரயில் சந்திப்பு. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அது வேறு மாதிரி ஊர். அங்கே வெதுவெதுப்பான ஊற்று ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் வியாதியைக் குணப்படுத்தும் என்று 1720, 30-களில் பேச்சு கிளம்பியது. இங்கிலாந்தில் பாத் என்கிற ஊர் வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போனது, பணக்காரர்கள் கூடுகிற இடம். மாலோவுக்கும் "அயர்லாந்தின் பாத்" என்று பெயர் வந்தது. நம்ம குற்றாலம் சீசன் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். காலையில் தண்ணீர் குடிப்பது, நடப்பது. மாலையில் சீட்டாட்டம், நடனம். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரேக் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட அர்த்தம் இருந்தது. சாதாரணக் குடிகாரன் இல்லை. சொத்துள்ள வீட்டுப் பிள்ளை, வேலை கிடையாது, அப்பா சாகிறவரைக்கும் கடன் வாங்கிக் குடித்து, சூதாடி, சண்டை போட்டுத் திரிகிறவன். டப்ளினில் 1735 வாக்கில் இந்த மாதிரி ஆட்கள் சேர்ந்து நரகநெருப்பு கிளப் என்றே ஒன்று வைத்துக்கொண்டார்கள். மெட்டுகளுக்கு இவர்கள் பெயரை வைப்பது ஒரு ஃபேஷனாகவும் இருந்திருக்கு. கில்டேர் ஊதாரிகள், குளோன்மெல் ஊதாரிகள் என்று வேறு மெட்டுகளும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மாலோ மெட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பாட்டும் இருக்கு. சாரம் இதுதான். ஆடுகிறார்கள், குடிக்கிறார்கள், ஜன்னலை உடைக்கிறார்கள், வாடகைப் பணம் வந்தால் வந்த வேகத்தில் கரைக்கிறார்கள், கடன்காரர்களுக்குப் போக்குக் காட்டுகிறார்கள். கடைசியில் திருந்தி, கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். அப்புறம் வாழ்க்கை முழுக்கப் பழைய நாளை நினைத்து ஏங்குகிறார்கள். கொஞ்சம் கேலி, கொஞ்சம் பெருமை. இந்தப் பாட்டை எழுதியவர் எட்வர்ட் லைசாட் என்கிற ஐரிஷ் வழக்கறிஞர் என்று நிறைய இடத்தில் போட்டிருப்பார்கள். அவர் பிறந்தது 1763-இல். இந்த மெட்டும் தலைப்பும் 1740-களிலேயே லண்டனில் அச்சாகிவிட்டன. ஆக, ஊதாரிகள் அவருக்கு முன்னாலேயே பேர் வாங்கிவிட்டார்கள். மெட்டைப் போட்டது யார்? எந்தப் புத்தகத்திலும் ஒரு பெயர் கிடையாது.

அந்த 1740-கள் என்கிற தேதியில் கொஞ்சம் நிற்கணும். ஏனென்றால் அங்கேதான் எனக்கு இந்தக் கதை கனமாகிப் போச்சு.

ஐரிஷ் பஞ்சம் என்றால் நமக்குத் தெரிந்தது 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே இன்னொன்று வந்தது. 1739 டிசம்பர் கடைசியில் ஐரோப்பா முழுக்க ஒரு பயங்கரக் குளிர். ஆறுகள் உறைந்தன. அயர்லாந்தில் ஏழைகள் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்து வைப்பதில்லை. நிலத்திலேயே விட்டு வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குளிரில் அத்தனையும் மண்ணுக்குள்ளேயே உறைந்து அழுகிப்போனது. அடுத்த வசந்தத்தில் மழை இல்லை. கால்நடை செத்தது, தானிய விலை ஏறியது, பிறகு காய்ச்சல் பரவியது. 1741-க்கு ஐரிஷ் மொழியில் இருக்கிற பெயர், "கொலைகளின் ஆண்டு" என்று அர்த்தம் வரும். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம். செத்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 4.8 லட்சம் வரைக்கும் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் 1845 பஞ்சத்துக்கு இது குறைந்தது இல்லை. மிக மோசமாக அடிபட்டது தெற்கே மன்ஸ்டர் பகுதி. கார்க் மாவட்டம் அதில்தான் இருக்கு. மாலோவும்தான்.

ஒரே பகுதி, ஒரே பத்தாண்டு. ஒரு பக்கம் வாடகைப் பணத்தைக் கரைக்கிற பசங்களைப் பற்றிய மெட்டு அச்சாகிறது. இன்னொரு பக்கம் அந்த வாடகையைக் கட்டுகிற குடும்பங்கள் சாலையோரத்தில் சாகின்றன. மாலோவில் அந்த வருஷம் யார் எந்த வாசலில் விழுந்தார் என்கிற அளவுக்கு நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் வாடகை என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் பாட்டு வேறு மாதிரிக் கேட்கும். 1703 கணக்கில் நாட்டின் நிலத்தில் சுமார் 14 சதவீதம்தான் கத்தோலிக்கர் கையில் இருந்தது. மக்களில் பெரும்பான்மை அவர்கள்தான். அவர்கள் நிலம் வாங்கக்கூடாது என்று சட்டம். 1728-க்கு அப்புறம் ஓட்டும் கிடையாது. ஊதாரி செலவழித்தது அப்பா பணத்தை இல்லை, குத்தகைக்காரன் பணத்தை.

இப்போ பாட்டியின் கேள்விக்கு வருவோம். ஊதாரிகள் ஆடினார்கள், சரி. வாசித்தது யார்?

இது ஒரு நடன மெட்டு. நடனக்கூடத்தில் எஜமானர்கள் ஆடுவார்கள், கூலி வாங்குகிற பிடில்காரர் வாசிப்பார். ஊதாரியின் பெயர் தலைப்பில் வந்துவிட்டது. சுரங்களைக் கோத்தவர் பெயர் வரவில்லை. அன்றைக்கு அயர்லாந்தில் நடன மெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்தன. காதால் கேட்டு, விரலால் பிடித்து, அடுத்தவருக்குக் கொடுத்து. எழுதி வைப்பது வேறு ஒரு வர்க்கத்தின் வேலை. அதனால் "குடிகாரன் மெட்டு" என்று நான் பாட்டியிடம் சொன்னதே தப்பு. குடிகாரன் பெயர் ஒட்டின மெட்டு என்று சொல்லியிருக்கணும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு.

அச்சுக்கு வந்ததும் மெட்டுக்குக் கால் முளைத்தது. லண்டன் பதிப்பாளர்கள் வருஷா வருஷம் நடன மெட்டுப் புத்தகங்கள் போட்டார்கள். கையடக்கமாக, பையில் வைத்துக்கொள்கிற மாதிரி. பர்க் துமோத் என்கிற குழல் கலைஞர் அந்தப் பத்தாண்டிலேயே ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார், அதிலும் இது உண்டு. இந்த மாதிரிப் புத்தகங்கள் வீட்டு விருந்துகளுக்கும் கப்பல்களுக்கும் படை முகாம்களுக்கும் போயின. சின்னக் குழலும் முரசும் வைத்திருக்கிற ராணுவ பேண்டுக்கு இந்த மெட்டு அளவெடுத்துத் தைத்த சட்டை. நேரான தாளம், குதிக்கிற சுரம், அணிவகுத்து நடக்க வசதி.

ராணுவம் என்றதும் நம்ம ஊருக்கு வந்துவிடலாம், ஏனென்றால் அயர்லாந்துக்காரர்கள் நம்ம ஊருக்கு வந்த வழி அதுதான். ஸ்கூல் புத்தகத்தில் வந்தவாசிப் போர் படித்திருப்பீங்க, 1760. ஆங்கிலேயக் கம்பெனிப் படைக்குத் தளபதி ஐர் கூட். பிரெஞ்சுப் படைக்குத் தளபதி லாலி. கூட் பிறந்தது லிமெரிக் மாவட்டத்தில் கில்மாலக் பக்கம், மாலோவிலிருந்து அதிக தூரமில்லை. நிலவுடைமைக் குடும்பம். லாலி பிரான்சில் பிறந்தவர், ஆனால் அப்பா அயர்லாந்திலிருந்து ஓடிப்போன கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வந்தவாசி வெயிலில் இரண்டு பக்கமும் ஐரிஷ் ரத்தம்! பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தளபதிகள் மட்டுமில்லை, கம்பெனிப் படையின் வெள்ளைக்காரச் சிப்பாய்களிலும் ஐரிஷ் ஏழைகள் நிறைய. ஊரில் பிழைக்க வழியில்லாதவர்கள்.

அந்தப் படைகளின் தலைமையிடம் சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை. கோட்டையில் பேண்டு வாசிக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதைக் கேட்கப் போனவர்களில் ஒரு இசைக் குடும்பமும் உண்டு. திருவாரூரைச் சேர்ந்த ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம், சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் வந்து தங்கியிருந்தது. ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். கம்பெனிக்கு துபாஷாக இருந்தவர்கள். துபாஷ் என்றால் இரண்டு பாஷைக்காரர், கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவே பேச்சும் வியாபாரமும் பார்க்கிறவர். கோட்டைக் கதவு அவர்களுக்குத் திறக்கும். அவர்களோடு போய்த்தான் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பேண்டு கேட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் முத்துசுவாமி, 1775-இல் பிறந்தவர். கடைசித் தம்பி பாலுசுவாமி, 1786. இவர் கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். மூன்று வருஷம் என்று சொல்வார்கள். பிறகு அதைக் கீழே உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் சாய்த்து, நம்ம சங்கீதத்துக்கு வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிடில் இப்படி வந்ததுதான். கருவியும் மெட்டும் அந்தக் கோட்டை வழியாகவே இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தன.

முத்துசுவாமி தீட்சிதர் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். நோட்டு என்பது ஆங்கில நோட் தான். கிட்டத்தட்ட நாற்பது பாட்டு. இங்கிலாந்தின் தேசிய கீதத்து மெட்டுக்கு ஒன்று உண்டு, அது "சந்ததம் பாஹிமாம்". அரசரைக் காப்பாற்று என்று அங்கே கடவுளைக் கேட்கிறார்கள், இங்கே தீட்சிதர் என்னைக் காப்பாற்று என்று சியாமளாவைக் கேட்கிறார். ஸ்காட்லாந்து மெட்டு உண்டு, பிரெஞ்சு மெட்டு உண்டு. அதில் மாலோ மெட்டுதான் "வந்தே மீனாட்சி".

அதை எப்படிச் செய்தார் என்று கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் அவர் வேலை தெரியும். ஊஞ்சல் ஆடுகிற இடத்தில் நீளமான சுரங்கள் இருக்கு இல்லையா? அங்கெல்லாம் நெடில் அசைகளாகப் போட்டிருக்கிறார். நாலு சுரம் படபடவென்று இறங்குகிற இடத்தில் சரியாக நாலு குறில். மறுபடியும் ஊஞ்சல், மறுபடியும் நெடில். மறுபடியும் இறக்கம், நாலு குறில். பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது கையைத் தட்டிக்கொண்டே "இங்க ஓடு, இங்க நில்லு" என்பார். அந்த ஓடும் நில்லும் கார்க் மாவட்டத்து நடனக்கூடத்தின் கால் அடி. ஓடு என்கிற இடத்தில் அங்கே கால் நாலு தரம் சட்டென்று தட்டும்.

தீட்சிதர் கமகம் போடவில்லை. தன் மற்ற கிருதிகளில் ஒரு சுரத்தை எவ்வளவு அசைத்து, வளைத்து, நிதானமாகக் கொண்டுபோகிறவர்! இங்கே சுரங்களை நேராக நிற்க விட்டார். வந்த விருந்தாளியை வேட்டி கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தன் முத்திரையான குருகுஹவை உள்ளே வைத்திருக்கிறார். அப்படியென்றால் இது அவருக்கு வெறும் விளையாட்டு இல்லை, தன் பெயர் போட்டுக் கொடுத்த வேலை. "காப்பி அடிச்சாரா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நோட்டு என்று வகைக்கே பெயர் இருக்கு. எங்கேயிருந்து வந்தது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கும்போது அது எப்படித் திருட்டாகும்?

நம்ம கதை இங்கே முடியவில்லை. மெட்டு இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் மோரிஸ் என்று ஒரு கிராமத்து நடனம் உண்டு. வெள்ளைச் சட்டை, காலில் சலங்கை, கையில் கோலோ கைக்குட்டையோ. நம்ம கோலாட்டமும் ஒயிலாட்டமும் ஞாபகத்துக்கு வரும். 1899 டிசம்பர் 26, ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டன். செசில் ஷார்ப் என்கிற இசை ஆசிரியர் மாமியார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போயிருக்கிறார். வாசலில் சில பேர் வந்து ஆடுகிறார்கள். மோரிஸ் ஆடுவது வழக்கமாகக் கோடை தொடங்கும் சமயத்தில். இவர்கள் கட்டட வேலைக்காரர்கள். உறைபனியில் வேலை நின்றுபோய்ப் பணமில்லாமல் பனிக்காலத்தில் ஆட வந்திருக்கிறார்கள். கான்செர்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், செங்கல் கட்டுகிற கொத்தனார், வயசு 27. ஷார்ப் அவரை மறுநாள் வரச்சொல்லி ஐந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் "ரிக்ஸ் ஓ மார்லோ". கோலை வைத்து ஆடுகிற ஆட்டம்.

ஆமாம், நம்ம மெட்டேதான்! அயர்லாந்து மாலோ யாருக்கும் தெரியவில்லை, தேம்ஸ் நதிக்கரையில் மார்லோ என்று ஒரு ஊர் இருக்கு, அதுவாகவே ஆகிவிட்டது. ரேக்ஸ் என்பது ரிக்ஸ் ஆனது. ஊதாரிகள் பெயரிலிருந்தே கழன்று விழுந்துவிட்டார்கள். பசங்களுக்கு வேலையில்லாத பனிக்காலத்தில் நாலு காசு சம்பாதிக்க உதவிய மெட்டு, நல்ல ஆங்கிலேய மெட்டாகப் புத்தகத்தில் ஏறியது. எனக்கு ஒன்று பிடித்திருக்கு. இந்தத் தடவை வாசித்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது.

மாலோ ஊர் என்ன ஆச்சு? ஊற்று மோகம் 19-ஆம் நூற்றாண்டில் வடிந்துவிட்டது. 1920-இல் அந்த ஊர் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. சுதந்திரப் போர் நடக்கிறது. செப்டம்பர் 28 அன்று ஐரிஷ் போராளிகள் மாலோவில் இருந்த பிரிட்டிஷ் படைமுகாமுக்குள் புகுந்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரியே சிப்பாய்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். நகர மன்றக் கட்டடம் எரிந்தது. ஊரில் நிறையப் பேருக்குச் சோறு போட்ட பால் தொழிற்சாலையும் எரிந்தது. ஜன்னலை உடைப்பதைப் பெருமையாகச் சொன்ன ஒரு பாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர் அது.

அப்புறம் சினிமா. 1952-இல் ஜான் ஃபோர்டு எடுத்த "தி கொயட் மேன்" படத்தின் பின்னணி இசையில் இந்த மெட்டு துள்ளிக்கொண்டு வரும். ஜான் வெய்ன், மொரீன் ஓஹாரா, பச்சைப் பசேல் என்று அயர்லாந்து. அமெரிக்காவில் குடியேறின ஐரிஷ் குடும்பங்கள் விட்டு வந்த ஊரைப் பற்றி வைத்திருந்த கனவு அந்தப் படம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லெராய் ஆண்டர்சன் பாஸ்டனில் தன் "ஐரிஷ் சூட்" இசைத் தொகுப்பில் இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருந்தார். இன்றைக்கு உலகத்தில் எங்கேயாவது "ஐரிஷ் மாதிரி ஒரு மியூசிக் போடு" என்றால், வருகிற நாலைந்து மெட்டுகளில் இதுவும் இருக்கும். குத்தகைக்காரனைச் சுரண்டினவனின் பெயரைத் தாங்கின மெட்டு, அந்தக் குத்தகைக்காரனின் கொள்ளுப்பேரன் அமெரிக்காவில் கண் கலங்கிக் கேட்கிற மெட்டாகிவிட்டது. இதைக் கேலி செய்யத் தோன்றவில்லை எனக்கு. அந்தக் கொள்ளுப்பேரனின் ஊர்க்காரர் ஒருவர்தானே எப்போதும் பிடிலைக் கையில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். முழுசாக இல்லை, சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாக. பஞ்சத்தைப் பற்றிச் சொன்னபோது சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கொத்தனார் கதைக்குச் சிரித்தார். பெயர் தெரியாத பிடில்காரரிடம் வந்தபோது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ அந்தப் பசங்க அவருக்கு ஒழுங்கா காசு குடுத்திருப்பாங்களா?"

கடன்காரர்களுக்குப் போக்குக் காட்டுகிறவர்கள் என்று பாட்டிலேயே இருக்கு, பாட்டி.

சித்தி பொண்ணு அடுத்த ஞாயிறும் அந்த பப்புக்குப் போனாள். இடைவேளையில் பிடில்காரப் பெரியவரிடம், எங்க ஊரில் இதற்கு வேறு வார்த்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவர் பாடச் சொன்னார். அவள் பாட்டு கிளாஸை ஆறாம் வகுப்பிலேயே விட்டவள், பாதி வரிதான் ஞாபகம் இருந்தது. பாடினாள். யாருடைய பாட்டு என்று கேட்டார். மதுரையில் இருக்கிற ஒரு தேவியைப் பற்றினது என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிடிலை எடுத்து, அவள் பாடின வேகத்திலேயே மெதுவாக ஒரு சுற்று வாசித்தார். அந்த வீடியோவும் வந்தது. பாட்டி போனைக் காதோடு வைத்து இரண்டு தடவை கேட்டார்.

"இதுதான் சரியான காலப்பிரமாணம். போன தடவை ரொம்ப அவசரப்பட்டாங்க" என்றார்.